ஐவர் அறிந்த ரகசியம்

விளையாட்டுகளில் உடல் வலிமையால் ஆடப்படுவன உண்டு; புத்தி நுட்பத்தால் ஆடப்படுவன உண்டு; அதிர்ஷ்டத்தை மட்டுமே நம்பி ஆடப்படுவனவும் உண்டு. ஆனால் நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் கதையை நடத்திச் செல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, "நான் இன்னது செய்கிறேன்" என்று வாயால் சொல்லியே மலை ஏறி, காடு கடந்து, யுத்தம் புரிந்து, முடிவு சந்தேகமாக உள்ள இடங்களில் மட்டும் பகடையை உருட்டி விதியின் அபிப்பிராயத்தைக் கேட்டுக்கொள்ளும் விளையாட்டு ஒன்று உண்டு என்பதை, மேற்படிப்பின் நிமித்தம் அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாநிலத்து மாடிஸன் நகரில் போய் வசித்த காலத்தில்தான் நான் அறிந்தேன். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். அதில் சில வருஷ காலம் நான் ஒரு கொலையாளியாக, அதிலும் இருளில் பதுங்கி வந்து எதிரி உணருமுன் கத்தியைப் பாய்ச்சும் மறைமுகக் கொலையாளியாக, வாழ்ந்திருக்கிறேன்.

மாடிஸன் நகரத்தின் நடுப்பகுதி மெண்டோட்டா, மொனோனா என்ற இரண்டு ஏரிகளுக்கு இடையே குறுகிய நிலம் ஒன்றின்மேல் அமைந்திருக்கிறது. குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்துபோக, ஜனங்கள் பனிக்கட்டியின்மேல் உலாவியும், அதில் துளையிட்டு மீன் பிடித்தும் உல்லாசமாகப் பொழுது போக்குவார்கள். உஷ்ணப் பிரதேசத்திலிருந்து சென்ற எனக்கு அந்த உல்லாசங்களில் மனம் செல்லவில்லை. ஆகவே, ஆராய்ச்சிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த சிநேகிதர் ஒருவர், சனிக்கிழமை மாலைகளில் கதகதப்பான ஓர் அறைக்குள் உட்கார்ந்தபடியே ஆடக்கூடிய ஆட்டம் ஒன்று இருப்பதாகச் சொல்லி அழைத்தபோது, ஆட்டத்தின்மேல் கொண்ட ஆசையைவிடக் கதகதப்பின்மேல் கொண்ட ஆசையினாலேயே நான் இணங்கினேன்.

நூலகத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவருடைய வீட்டில் ஆட்டம் நடந்தது. அந்த அம்மையார் காட்டையும் விலங்குகளையும் தெய்வமாகக் கருதும் ட்ரூயிட் என்ற பாத்திரத்தை ஏற்றிருந்தார். சிநேகிதர் மந்திரவாதி. பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்து சட்டம் பயின்றுகொண்டிருந்த வாலிபர் ஒருவர், பொய் பேசுவதில்லை, சரணடைந்தவரைக் கொல்வதில்லை என்றெல்லாம் தெய்வத்தின் முன்னிலையில் பிரமாணம் செய்துகொண்ட பாலடின் என்னும் வீரனாக விளங்கினார். கதையை நடத்தும் டஞ்சன் மாஸ்டரோ உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம் போதித்தவர். நம் நாடகமேடையில் பழகிய எனக்கு அவரைச் சூத்திரதாரி என்று நினைத்துக்கொள்வதே சுலபமாக இருந்தது.

சபையில் நாலு வார்த்தை பேசுவதென்றால் எனக்குச் சிறு வயது முதலே கூச்சம். அந்நிய பாஷையில், அந்நியர்களின் நடுவில் அந்தக் கூச்சம் இருமடங்காயிற்று. "எந்தப் பாத்திரத்தை ஏற்கிறீர்கள்?" என்று சூத்திரதாரி வினவியபோது, வாய் திறவாமல் இருளிலே நின்று, வேண்டிய தருணத்தில் மட்டும் வெளிப்படும் ஒருவனாக இருந்தால் தேவலை என்றேன். அவர் புன்னகையோடு 2014-ஆம் வருஷத்து விதிநூலைத் திருப்பி, ரோக் என்ற கள்வர் வகையையும், மூன்றாம் படியை எட்டும்போது அதிலிருந்து கிளைக்கும் அஸாஸின் என்ற பிரிவையும் காட்டினார். மூன்றடி உயரமே உள்ள ஹாஃப்லிங் என்ற குறுமனிதர் இனத்தைத் தேர்ந்தெடுத்து, மாறன் என்று பெயர் சூட்டி, அன்றைக்கே ஆடத் தொடங்கினேன்.

பேச்சிலிருந்து தப்புவதற்காக எடுத்துக்கொண்ட அந்த வேஷம் என்னை மற்ற எல்லோரையும்விட அதிகமாகப் பேச வைத்தது. வாளேந்திய வீரன் "வெட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டால் போதும். பதுங்குகிறவனோ எந்தத் தூணின் நிழலில் நிற்கிறான், விளக்கு எந்தப் பக்கத்தில் எரிகிறது, காலடியில் கிடப்பது கல்லா சருகா, காவலன் எத்தனை நேரத்துக்கு ஒருமுறை திரும்பி நடக்கிறான் என்பதையெல்லாம் கேட்டும் சொல்லியும் தன் மறைவைத் தானே சொற்களால் கட்டிக்கொள்ள வேண்டும். அதன்பின் இருபது முகப் பகடையை உருட்டி, விழுந்த எண்ணோடு தன் திறமைக்குரிய எண்ணைக் கூட்டி, அது காவலனுடைய விழிப்பு எண்ணாகிய 12-ஐ எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இத்தனையும் நடக்கும்போது மற்ற மூவரும் மூச்சடக்கி என்னையே கவனித்துக்கொண்டிருப்பார்கள். கதையின் உலகத்தில் ஒருவர் கண்ணிலும் படாமல் நிற்பவன் மேஜையில் ஒருவர் கண்ணுக்கும் தப்பாமல் அமர்ந்திருந்தான். இந்த முரண்பாடு முதலில் எனக்கு வேடிக்கையாகப் பட்டது; அதுவே இந்தப் பாத்திரத்தின் சாரம் என்பது போகப் போகத்தான் விளங்கிற்று.

விதிகளை ஆராய ஆராய, ஏகாந்தவாசியான அந்தக் கொலையாளிக்கு அவற்றை இயற்றியவர்கள் எவ்வளவு தந்திரமாகக் கூட்டத்தோடு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள் என்பது புலனாயிற்று. அவனுடைய பிரதான பலம், எதிரி அயர்ந்திருக்கும்போது தாக்கினால் கூடுதலாக உருட்டக் கிடைக்கும் அறுமுகப் பகடைகள். அவை முதற்படியில் ஒன்றாகத் தொடங்கி, இரண்டு படிக்கு ஒன்றாக ஏறி, பத்தொன்பதாம் படியில் பத்தாகின்றன. அந்தச் சாதகம் வாய்க்காத வேளைகளிலோ, எதிரியின் ஐந்தடிக்குள் அவனுக்குப் பகைவனான வேறொருவன் நின்றாக வேண்டும். அதாவது, தோழன் ஒருவன் முன்னே நின்று எதிரியின் கவனத்தை வாங்கிக்கொண்டால்தான் கள்வனின் கத்தி ஆழப் பாயும். ட்ரூயிட் அம்மையார் சுவடின்றி நடக்கச் செய்யும் மந்திரம் ஒன்றை ஓதினால், அவரைச் சுற்றி முப்பதடிக்குள் உள்ளவர்களின் பதுங்கும் எண்ணில் 10 கூடும். எல்லாவற்றிலும் விசேஷம், ஹாஃப்லிங்குகளில் என் மாறன் சேர்ந்த லைட்ஃபூட் என்ற கிளையினருக்கு மட்டும் உரிய ஒரு சலுகை: தங்களைவிடப் பெரிய உருவம் கொண்ட ஒருவரின் பின்னால் நின்றே அவர்கள் மறைந்துகொள்ளலாம். தூணும் திரையும் இல்லாத வெட்டவெளியிலும், தோழனுடைய முதுகு ஒன்று இருந்தால் எனக்கு மறைவிடம் உண்டு.

இதற்கு மாறாக, தனிக் கொலையாளியின் ஆயுதமென்று கதைகளில் கொண்டாடப்படும் விஷத்தின் யோக்கியதை சிரிப்புக்கு இடமானது. ஒரு குப்பி சாதாரண விஷத்தின் விலை 100 பொன். சங்கிலிக் கவசம் முழுதாக ஒன்று 75 பொன்னுக்குக் கிடைக்கும். அவ்வளவு விலை கொடுத்துக் கத்தியில் தடவினாலும், எதிராளியின் தேகம் சற்றுத் திடமாக இருந்துவிட்டால் பலன் பூஜ்யம். இல்லாவிட்டாலும் நாலுமுகப் பகடை ஒன்றின் அளவுதான். பணத்தைக் கொடுத்துத் தனிமையில் பெறும் பலம் அற்பமாகவும், தோழர்கள் இனாமாகத் தரும் பலம் அபாரமாகவும் இருக்கும்படி யாரோ யோசித்துத்தான் செய்திருக்க வேண்டும்.

அந்த யோசனைக்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது. அதே விஸ்கான்ஸினின் தென்கிழக்கு மூலையில் லேக் ஜெனீவா என்றொரு சிற்றூர் உண்டு. கேரி கைகாக்ஸ் அவ்வூரில் வசித்தவர். மினஸோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னஸனும் அவரும் சேர்ந்து ஆக்கிய இந்த விளையாட்டு 1974-ல் அங்கிருந்துதான் வெளிவந்தது. முதல் அச்சில் 1000 பெட்டிகள். பெட்டிக்கு மூன்று சிறு புத்தகங்கள். ஒரு கோடைக்காலத்தில் சூத்திரதாரி எங்களையெல்லாம் அவ்வூருக்கு அழைத்துச் சென்று, கைகாக்ஸ் குடியிருந்த வீட்டை வீதியில் நின்றபடியே காட்டினார். உல்லாசப் பிரயாணிகள் ஏரிக்கரையில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு திரியும் அந்தச் சாதுவான ஊரில், வீடொன்றின் கீழே இத்தனை ராக்ஷஸர்களும் பாதாளக் குகைகளும் பிறந்தன என்பதை நம்புவது சிரமமாகவே இருந்தது.

முதற்பதிப்பில் போர்வீரன், மந்திரவாதி, குரு ஆகிய மூன்று வகையினரே இருந்தனர். மறுவருஷத்து அநுபந்தங்களில் ஒன்றில் திருடனும், ஆர்னஸன் எழுதிய 'பிளாக்மூர்' என்ற மற்றொன்றில் கொலையாளியும் பிரவேசித்தார்கள். 1978-ல் வந்த விரிவான விதிநூல் கொலையாளி தீய குணத்தவனாகவே இருக்கவேண்டும் என்று நிபந்தனை விதித்தது. மேற்படிகளில் ஏற வேண்டுமானால் தன் சங்கத்தின் தலைவனையே ஒழித்துக்கட்டி அந்த ஸ்தானத்தை அடைய வேண்டும் என்பதும் அதில் உண்டு. பணத்துக்குக் கொல்லும் தீயவன் ஒருவனைத் தர்மிஷ்டர்களின் நடுவே உட்கார வைத்தால் சிநேகம் எப்படி நிலைக்கும்? கூட்டாளியே கூட்டாளியைக் குத்திய ஆட்டங்களைப் பற்றி அந்தக் காலத்தவரான எங்கள் சூத்திரதாரி கதை கதையாகச் சொல்வார். 1980-களில் இந்த விளையாட்டு பிள்ளைகளைக் கெடுக்கிறதென்று அமெரிக்கப் பெற்றோர்களில் ஒரு சாரார் கிளர்ச்சி செய்தனர்; 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பின் மூலநூலில் கொலையாளிக்குத் தனி வகுப்பே இல்லாமற் போயிற்று. 2000-ல் மறுபடி வந்தபோது, வேறெந்தக் காரணமுமின்றி, கொலையாளிகளோடு சேர்வதற்காகவே ஒருவனைக் கொன்றிருக்க வேண்டும் என்ற கொடிய நுழைவுக் கட்டணத்தோடு வந்தான். 2014-ஆம் வருஷத்து விதிநூலிலோ, தீய குணம் கட்டாயமில்லாமல், கள்வர் வகையின் ஒரு பிரிவாக, மற்றவர்களோடு சரிசமமாக உட்காரும் உரிமை அவனுக்குக் கிடைத்தது. நாற்பது வருஷங்களாக விதிநூல்கள் மல்லாடிய கேள்வி, மறைந்திருப்பவனுக்கும் கூட்டத்துக்கும் என்ன உறவு என்பதே.

நம் நாட்டு நீதிநூல்களில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. அர்த்தசாஸ்திரத்தில் கௌடில்யர் இல்வாழ்வான், வணிகன், துறவி முதலான வேஷங்களில் திரியும் ஒற்றர்களை வகுத்து, அவர்களுக்கு அப்பால் துணிந்து கொல்லும் தீக்ஷ்ணரையும் விஷமிடும் ரஸதரையும் வைக்கிறார். திருக்குறளிலும் ஒற்றாடலுக்கென்று ஓர் அதிகாரம் உண்டு. ஓர் ஒற்றனை மற்றோர் ஒற்றன் அறியாதபடி ஆளவேண்டும் என்பதும், மூவர் கொண்டுவரும் செய்தி ஒத்திருந்தால் அதை நம்பலாம் என்பதும் அங்கே சொல்லப்பட்ட முறை. அரசனுடைய ஒற்றன் சக ஒற்றனையும் அறியாதவன். எங்கள் மேஜையிலோ ஒற்றன் செய்வதையெல்லாம் ஐவரும் அறிவோம். ஆனால் எங்கள் பாத்திரங்கள் தாம் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே அறியும். ஆடுகிறவர் தாம் அறிந்ததைத் தம் பாத்திரத்துக்குக் கடன் கொடுக்கக் கூடாது. இந்த நியமத்தை மீறுவதற்குத் தண்டனை எதுவும் இல்லை. காப்பதற்குச் சுயமரியாதை ஒன்றே காவல்.

அந்த நியமம் எவ்வளவு பெரியது என்பதை நான் உணர்ந்தது, என் மாறன் ஒன்பதாம் படியை எட்டியிருந்த சமயத்தில். ஆற்றங்கரைக் கோட்டை ஒன்றின் அதிபதி, படகுகளில் சுங்கம் வசூலிப்பதோடு நில்லாமல், சுங்கம் கட்ட முடியாத குடியானவர்களைப் பிடித்து அடிமை வியாபாரிகளுக்கு விற்றுவந்தான். பாலடின் அவனிடம் பகிரங்கமாகத் தூது சென்று தர்மத்தை எடுத்துரைப்பதாகத் தீர்மானித்தான். அது பலிக்காது என்று கருதிய ட்ரூயிட்டும் மந்திரவாதியும் வேறொரு காரியத்துக்காக என்னை முன்கூட்டியே அனுப்பினார்கள். பாலடினிடம் சொன்னால் அவன் பிரமாணத்துக்குப் பங்கம் வரும் என்பதால் அவனிடம் மறைத்தார்கள். மறைத்தது பாலடினிடம்தான், பாலடினாக ஆடிய வாலிபரோ எதிர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் படியில் கொலையாளிக்கு ஒரு வித்தை கைவருகிறது: ஏழு நாளும் 25 பொன்னும் செலவிட்டால், ஊர், தொழில், பரிச்சயங்கள் எல்லாம் அமைந்த புதியதொரு மனிதனாக அவன் வாழ முடியும். நான் கோட்டையின் கணக்குப்பிள்ளையானேன். ஒரே வாக்கியத்தில் கடந்துவிடக்கூடிய அந்த ஏழு நாட்களைச் சூத்திரதாரி ஒரு மாலை முழுவதும் நடத்தினார். படகுகளை எண்ணினேன், சுங்க ஏடுகளை எழுதினேன், விற்கப்பட்ட மனிதர்களின் பெயர்கள் ஏட்டில் உப்பு மூட்டைகளுக்கும் தோல்கட்டுகளுக்கும் நடுவே வரிசையாக வந்தன, அவற்றுக்கும் கூட்டல் போட்டேன். எட்டாம் நாள் பாலடின் தூதனாக வந்து சேர்ந்தான். விருந்தில் என்னை அவன் கவனிக்கிறானா என்று பகடை உருண்டது. அவனுக்கு விழுந்தது சிறிய எண். வாலிபர் ஒரு கணமும் தயங்காமல் என் பக்கம் திரும்பி, "ஐயா, உமக்கு எந்த ஊர்? இந்தக் கோட்டையில் எத்தனை காலமாக இருக்கிறீர்?" என்று, வழியில் சந்தித்த பிரயாணியிடம் காட்டும் அந்நிய மரியாதையோடு விசாரித்தார். அவர் குரலில் கேலி இல்லை; கண்ணில் குறும்பு இல்லை. நான் திக்கித் திணறித்தான் பதில் சொன்னேன்.

அன்றிரவு அதிபதி தன் அறையில் எழுதிக்கொண்டிருந்தான். நான் திரைக்குப் பின்னால் இருந்தேன். அயர்ந்திருப்பவன்மேல் அஸாஸினின் அடி பட்டால் பகடைகள் இரட்டிக்கும். ஆகவே அறுமுகப் பகடைகள் பத்தைக் கத்திக்குரிய பகடைகளோடு கையில் அள்ளி உருட்டினேன். பெருங்காயம் பட்டது; உயிர் போகவில்லை. அவன் அலறினான். நான் விளக்கை உதைத்து அணைத்தேன். அடுத்த அறையில் உறங்கிக்கொண்டிருந்த பாலடினின் காதில் அலறல் விழுந்தது என்றார் சூத்திரதாரி.

முழுக் கவசத்தை அணியப் பத்து நிமிஷம் ஆகும் என்பது விதி. "என் வீரன் கவசம் அணிகிறான்" என்று வாலிபர் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்; எனக்கு வேண்டிய அவகாசமும் கிடைத்திருக்கும். அவர் யோசித்து, "அபயக் குரல் கேட்டால் இவன் கவசத்துக்காக நிற்கமாட்டான், உருவிய வாளோடு ஓடி வருகிறான்" என்றார். நான் கொல்ல முயன்றவனைக் காப்பாற்றுவதற்காக என் தோழன் இரவு உடையில் ஓடி வந்தான். அந்த அறையில் அப்பொழுது எனக்கு இருந்த ஒரே மறைவிடம் அவனுடைய முதுகு. அதன் பின்னால் பதுங்குகிறேன் என்று நான் சொன்னதும் அம்மையாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. முன்னே நின்றவன், "இதைச் செய்தவன் எங்கே?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

வாசலின் மங்கிய வெளிச்சத்தில், இரத்தம் பெருக நின்ற அதிபதியின் கண்ணுக்குத் தெரிந்தது உருவிய வாளோடு நின்ற தூதன் ஒருவனே. துரோகம் என்று கத்திக்கொண்டு அவன் பாய்ந்தான். பாலடின் தடுத்தான், மறுபடியும் பாய்ந்தபோது வெட்டினான். அவ்வெட்டில் எஞ்சிய உயிரை, இருளில் பாலடினுடைய இடுப்பளவுக்குக் கீழிருந்து நீண்ட என் கத்தி முடித்தது. விதியின்படி எதிரியின் ஐந்தடிக்குள் தோழன் ஒருவன் நின்றிருந்தானல்லவா! காவலர் வருமுன் நான் ஜன்னல் வழியே போய்விட்டேன். பாலடின் திரும்பிப் பார்த்தபோது அறையில் அவனும் பிரேதமுமே இருந்தனர்.

தன்னிடம் அபயம் கேட்டுக் கூவியவனைத் தன் வாளே கொன்றதென்று பாலடின் நம்பினான். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் இன்றளவும் வியக்கிறேன். அந்த வாலிபர் தம் வீரனை விரதம் இருக்க வைத்தார். அவனுடைய பொன்னில் பாதியை, விற்கப்பட்ட குடியானவர்களை மீட்பதற்குக் கொடுத்தார். வழியில் தென்பட்ட கோயில்தோறும் மண்டியிட வைத்தார். இவ்வளவும் ஆட்டத்தில் அவருக்கு நஷ்டமே அன்றி லாபமன்று. கொன்றவன் நான் என்பதை அறிந்தே, எதிர் நாற்காலியில் நான் அமர்ந்திருக்கையிலேயே, தாம் செய்யாத காரியத்துக்கான பிராயச்சித்தத்தை மாதக்கணக்கில் அவர் முகம் கோணாமல் சுமந்தார். மாறன் உண்மையைச் சொல்லவில்லை; அவனுடைய தொழில் அதை அநுமதிக்காது. ஒருநாள் ஆட்டம் கலைந்து, வாசலில் பனிச்செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, இது அவருக்குப் பாரமாக இல்லையா என்று நான் கேட்டேன். "எனக்கென்ன பாரம்? ஆனால் அவனுக்குத் தெரியாதே, பாவம்!" என்றார் அவர்.

மறைந்து வாழும் கலையில் நான் தேர்ந்தவன் என்று அந்த மேஜையில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் எனக்கு உரியதன்று என்பதே என் தீர்ந்த அபிப்பிராயம். எனக்கு உதவி செய்தவை என் திறமை எண்ணும் பகடையும். அவருக்கு எந்த எண்ணும் துணையில்லை. கண்ணெதிரே நடப்பதைக் காணாதவராகவும், காதில் விழுந்ததைக் கேளாதவராகவும் அவர் தம்மைத் தாமே நிறுத்திக்கொண்டதனால்தான் என் மறைவு மறைவாயிற்று. ஒற்றனின் ரகசியத்தை ஒற்றன் காப்பதில் என்ன பெருமை? அவன் உயிர் அதில் இருக்கிறது. அதை அறிந்தும் பயன்படுத்திக்கொள்ளாதவர் காப்பதற்குத்தான் மனம் வேண்டும்.

நாடு திரும்பியபின் நானும் சிற்சில வேளைகளில் சூத்திரதாரியாக அமர்வதுண்டு. 2024-ல் திருத்தி வெளியிட்ட விதிநூலில் கொலையாளியின் முதல் அடியின் வேகத்தை மட்டுப்படுத்தியிருக்கிறார்கள். பகடைகள் இரட்டிப்பதற்குப் பதிலாக அவனுடைய படியின் எண் சேதத்தோடு கூடுகிறது, அவ்வளவே. புதிதாக வரும் இளைஞர்களில் யாராவது ஒருவர் கொலையாளி வேஷத்தை விரும்பாமல் இருப்பதில்லை. அப்போது அந்த இளைஞரை நான் அதிகமாக விசாரிப்பதில்லை. மேஜையைச் சுற்றி அமர்ந்திருக்கும் மற்றவர்களைத்தான் பார்க்கிறேன். கேட்டதைக் கேளாதவராக இருக்கத் தெரிந்தவர் ஒருவரேனும் அவர்களில் இருந்தால் அந்த வேஷத்தைக் கொடுத்துவிடலாம். இல்லையென்றால், வில்லாளியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று சமாதானம் சொல்வதே உசிதம்.